மனஅழுத்தத்தால் நெஞ்சு இறுகி மூச்சு முட்டுகிறதா? படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

மூச்சுப் பயிற்சி கற்க வருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மூச்சு முட்டுகிறது என்றதும் இன்னும் பலமாக உள்ளே இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க நெஞ்சு இறுகுகிறது, தலை சுற்றுகிறது, பயம் கூடுகிறது. பக்கத்தில் நிற்பவர்களும் "நல்லா மூச்சை இழு, இழு" என்றே சொல்கிறார்கள். செய்ய வேண்டியதோ நேர் எதிரானது: முதலில் மூச்சை விட வேண்டும்.

கவலை, கோபம், துக்கம், ஓயாத வேலைப்பளு இவற்றால் நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். முக்கியமாக, முதல் படியை முடிக்காமல் யாரும் அடுத்ததற்குப் போகக் கூடாது.

1. இது இதயக் கோளாறா என்று முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

நெஞ்சு இறுக்கம், படபடப்பு, வியர்வை, மூச்சுத் திணறல் எல்லாம் மனப்பதற்றத்திலும் வரும், மாரடைப்பிலும் வரும். அறிகுறிகளை மட்டும் வைத்து வீட்டில் உட்கார்ந்தபடி இரண்டையும் பிரித்துவிட முடியாது. அதனால் கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தொடங்காமல் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

- நெஞ்சின் நடுவில் அழுத்தம் அல்லது பிசைவது போன்ற வலி வந்து சில நிமிடங்களில் அடங்காமல் இருப்பது, அல்லது அடங்கி மறுபடி வருவது
- வலி கை, தாடை, கழுத்து, முதுகு, மேல்வயிறு என்று பரவுவது
- சில்லென்ற வியர்வை, குமட்டல், மயக்கம்
- நடந்தால் அல்லது படி ஏறினால் வலி வந்து, நின்றால் குறைவது
- திடீர் மூச்சுத் திணறலோடு ஒரு காலில் மட்டும் வீக்கம், அல்லது இருமலில் ரத்தம்
- உதடு நீலம் பூப்பது, ஒரு வாக்கியத்தைக் கூட முழுதாகப் பேச முடியாமல் போவது

பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு பெரிய வலி இல்லாமலே வரலாம். வெறும் மூச்சு வாங்கல், அசதி, வயிற்றுக் கோளாறு என்றுகூடத் தோன்றும். அவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

இங்கே மூன்று தவறுகளை அடிக்கடி பார்க்கிறேன். விரலால் அழுத்தினால் வலிக்கிறது, எனவே இது தசைப்பிடிப்புதான் என்று முடிவு கட்டுவது ஒன்று. அழுத்தினால் வலிப்பது தசையையோ விலாக் குருத்தெலும்பையோ சுட்டலாம்; இதயத்தில் கோளாறு இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது. பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 98 காட்டியதும் நிம்மதி அடைவது இரண்டாவது. மாரடைப்பிலும் அந்த எண் சரியாகவே இருக்கலாம்.

மூன்றாவதுதான் மிக மோசமானது. "வீட்டில் துக்கம் நடந்திருக்கிறது, அந்த வேதனைதான்" என்று விட்டுவிடுவார்கள். கடும் துக்கமும் அதிர்ச்சியும் இதயத் தசையையே தற்காலிகமாகத் தளர வைக்கும். டகோட்சுபோ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நிலை, மாதவிடாய் நின்ற பெண்களிடம்தான் அதிகம் வருகிறது. பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். ஆனால் வரும்போது மாரடைப்பைப் போலவேதான் வரும், ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, எக்கோ என்ற இதய ஸ்கேன், தேவைப்பட்டால் இதய ரத்தக் குழாய்ப் படம் இவை இல்லாமல் பிரித்தறிய முடியாது. மன வேதனை காரணமாக இருப்பதாலேயே இதயம் பத்திரமாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

அவசரம் இல்லாதவர்களும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஆஸ்துமா, ரத்தசோகை, அளவுக்கு மிஞ்சிய தைராய்டு சுரப்பு, இதயத் துடிப்பு முறையின்மை, அமிலம் மேலேறுவது எல்லாமே "டென்ஷன்" என்ற பெயரில் ஒளிந்திருக்கக் கூடியவை. அவற்றில் எதுவும் இல்லை என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். அந்தத் தெளிவு இல்லாமல் செய்யும் பயிற்சியில் மனம் நிற்காது.

2. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைப் படிக்காமல் பயிற்சிக்குத் தாவுகிறவர்கள், முதல் தலைசுற்றலிலேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். காரணம் தெரிந்தவர் அதே தலைசுற்றலைத் தாங்கிக்கொண்டு தொடர்கிறார்.

மனம் ஆபத்தை உணர்ந்ததும் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு வேகம் எடுக்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. நிஜமாகவே ஓடினால் அந்த மூச்சு செலவாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வராத ஒரு பதிலுக்காகக் காத்திருந்தால் செலவாகாது.

அப்போது இரண்டு காரியங்கள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று தசையில். சாதாரணமாக மூச்சு வாங்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் அகன்ற தசை அது. பதற்றத்தில் வயிறு இறுகுவதால் அது கீழே இறங்க இடமில்லாமல் போகிறது. உடனே கழுத்து, தோள், மேல் விலாத் தசைகள் அந்தச் சுமையை எடுத்துக்கொள்கின்றன. நாளெல்லாம் உழைப்பதற்கான தசைகள் அல்ல அவை. மாலையில் நெஞ்செலும்பின் இருபுறமும், கழுத்தடியிலும், தோள்பட்டைகளுக்கு நடுவிலும் வருகிற வலி பல நேரங்களில் இந்தத் தசைகளின் களைப்புதான்.

இரண்டாவது ரத்தத்தில். தேவைக்கு மேல் மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதைக் கழிவு என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் உடலுக்கு அது குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆக வேண்டும். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை லேசாகிச் சுற்றும். ரத்தத்தின் காரத்தன்மை கூடி, புரதத்தோடு ஒட்டாமல் தனியே இருக்கும் கால்சியம் குறையும். விரல் நுனியும் உதட்டோரமும் மரத்து, ஊசி குத்துவது போல் இருக்கும், சிலருக்கு விரல்கள் தானாக மடங்கிக்கொள்ளும். ஆக்ஸிஜனையும் ரத்தம் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுக்காது. ஆக, ரத்தத்தில் ஆக்ஸிஜன் நிறைய இருந்தும் காற்றுக்குத் தவிப்பது போல் இருக்கிறது.

இதற்கு மூச்சு இரைக்க வேண்டும் என்றுகூட இல்லை. கார்பன் டை ஆக்சைடு ஒருமுறை குறைந்துவிட்டால், இடையிடையே விடுகிற பெருமூச்சுகளே அதை ஏறவிடாமல் வைத்திருக்கப் போதும். "நான் வேகமாக மூச்சு விடவே இல்லையே" என்று சொல்கிறவர்களிடம் இதைத்தான் கவனித்துப் பார்க்கச் சொல்வேன்.

3. தொடங்கும் முன் வேண்டியவை

அதிகம் ஒன்றும் தேவையில்லை. முதுகு சாய்க்கக்கூடிய ஒரு நாற்காலி, படுக்க ஒரு விரிப்பு, நொடிமுள் உள்ள கடிகாரம், ஒரு சிறிய நோட்டு. இடுப்பை இறுக்காத உடை அவசியம். பெல்ட்டோ நாடாவோ இறுக்கினால் வயிறு அசையாது, நான்காம் படியிலேயே நின்றுவிடுவீர்கள்.

காலையும் மாலையும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சாப்பிட்ட உடனே வேண்டாம்; நிறைந்த இரைப்பை உதரவிதானத்தை மேலே தள்ளும்.

ஒரு நிபந்தனை: பயிற்சியை அமைதியாக இருக்கும் நேரத்தில்தான் கற்க வேண்டும். மூச்சு முட்டும் நேரத்தில் முதன்முதலாக முயன்றுவிட்டு "எனக்கு இது பலிக்கவில்லை" என்று கைவிட்டவர்கள் நிறைய. பதற்றத்தில் உடல் ஏற்கெனவே பழகியதைத்தான் செய்யும், புதியதைக் கற்றுக்கொள்ளாது. நீண்டநாள் நுரையீரல் நோயோ இதய நோயோ உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

4. இப்போது எப்படி மூச்சு விடுகிறீர்கள் என்று பாருங்கள்

நாற்காலியில் சாய்ந்து, ஒரு கையை நெஞ்சின் மேலும் மற்றதைத் தொப்புளுக்குச் சற்று மேலும் வையுங்கள். எதையும் மாற்றாமல் எந்தக் கை முதலில் அசைகிறது என்று பாருங்கள். மேல் கை மட்டும் அசைந்து, தோளும் கூடவே ஏறி இறங்கினால், மூச்சு மேல் நெஞ்சிலேயே நின்றுவிடுகிறது என்று பொருள்.

பிறகு ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். நீங்களே எண்ணினால் கவனம் போனதும் மூச்சு மாறிவிடும். நீங்கள் வேறு வேலையில் இருக்கும்போது வீட்டில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. ஓய்வாக இருக்கும்போதே எப்போதும் 20-ஐத் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கையோடு பெருமூச்சு, கொட்டாவி, வாயால் மூச்சு வாங்குவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரு மணி நேரத்தில் பலமுறை தன்னறியாமல் பெருமூச்சு விடுகிறோம். சுருங்கிய காற்றுப் பைகளை அது விரிக்கிறது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு என்று போனால்தான் கவனிக்க வேண்டும்.

5. மூச்சைத் தொடும் முன் தோளையும் வயிற்றையும் இளக்குங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தோள் காதை நோக்கி ஏறியிருக்கும்போது மூச்சை மாற்ற முயன்றால் கழுத்துத் தசைகள்தான் மறுபடி வேலை செய்யும்.

இரண்டு தோளையும் காதுவரை தூக்கி, ஐந்து நொடி இறுக்கிவிட்டு, சட்டென்று விட்டுவிடுங்கள். மூன்று முறை. இறுக்கிய பிறகு விட்டால்தான் தளர்வு என்றால் என்னவென்று தசைக்குத் தெரியும். அடுத்து மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல் தாடையைத் தொங்கவிடுங்கள். கடைசியாக வயிற்றை விட்டுவிடுங்கள். தொப்பை தெரியக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் உள்ளிழுத்தே பழகியவர்களுக்கு இது கூச்சமாக இருக்கும். பரவாயில்லை, கதவைச் சாத்திக்கொண்டு செய்யுங்கள்.

6. மூச்சை விடுவதில் தொடங்குங்கள்

முழு வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

பதற்றத்தில் இருப்பவர் ஒவ்வொரு மூச்சையும் முழுதாக விடாமலே அடுத்ததை இழுக்கிறார். மீதிக் காற்று நெஞ்சிலேயே தங்கி, விலா எலும்புகள் விரிந்தபடியே நின்றுவிடுகின்றன. நிரம்பிய குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவது போல, அதன் மேல் இழுக்கிற காற்றுக்கு இடமே இல்லை. "மூச்சு முழுசா உள்ளே இறங்கல" என்று சொல்கிறோமே, அது பல நேரம் காலி செய்யாததால் வருவது.

உதட்டை விளக்கை ஊதி அணைப்பது போல் லேசாகக் குவித்து, மெதுவாக, சத்தம் அதிகம் வராமல் காற்றை விடுங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிய வேண்டாம். பிழிந்தால் அடுத்த மூச்சு தானாகவே வேகமாகப் பாயும். விட்டு முடித்ததும் ஒரு நொடி சும்மா இருங்கள். அடுத்து மூக்கு வழியாக வருகிற மூச்சை நீங்கள் இழுக்க வேண்டாம், அதுவாக வரட்டும். சிறியதாக இருந்தாலும் போதும்.

விடும் மூச்சுக்கு இன்னொரு பயனும் உண்டு. உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று வேகமாகிறது, விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வழியாக அது தணிகிறது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டுக்கொண்டே செய்து பாருங்கள், பலருக்குக் கையிலேயே தெரியும். விடும் நேரத்தை நீட்டுவதன் காரணம் இதுதான்.

7. உதரவிதானத்துக்கு வேலையைத் திருப்பிக் கொடுங்கள்

ஆறாம் படி இரண்டு மூன்று நாளில் எளிதாகிவிட்டால் இதற்கு வாருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். அப்போது வயிற்றுத் தசைகள் தளரும். படுத்தால் நெஞ்செரிச்சலோ மூச்சு வாங்கலோ வருகிறவர்கள் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து செய்யலாம்.

வயிற்றின் மேல் உள்ள கை, மூச்சு உள்ளே வரும்போது எழவும் வெளியே போகும்போது இறங்கவும் வேண்டும். மூச்சு இல்லாமலே வயிற்றை உந்திக் காட்டுவது இங்கே வழக்கமான தவறு. கை அசைகிறது, காற்று போகவில்லை. அதைத் தவிர்க்க, உள்ளங்கைகளை இருபுறமும் கடைசி விலா எலும்புகளின் மேல் வைத்துப் பாருங்கள். உதரவிதானம் சரியாக இறங்கினால் விலா பக்கவாட்டிலும் விரியும். இதை நடிக்க முடியாது.

படுத்த நிலையில் ஒரு வாரம், பிறகு உட்கார்ந்து, அதன் பின் நின்றும் நடந்தும். நடக்கும்போது வரவில்லை என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஒரு நிலை பின்னால் போங்கள்.

8. வேகத்தைக் குறையுங்கள், அளவையும் குறையுங்கள்

நான்கு எண்ணும்வரை மூச்சு உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மூச்சோடு நன்றாக ஒத்திசைவது பெரும்பாலானோருக்கு இந்த வேகத்தை ஒட்டித்தான். ஆனால் இங்கிருந்தே தொடங்க வேண்டாம். உள்ளே இரண்டு, வெளியே மூன்று என்று ஆரம்பித்து, சிரமம் இல்லாதபோது மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

வேகம் குறையும்போது பலரும் ஒவ்வொரு மூச்சையும் பெரிதாக்கிவிடுகிறார்கள். நிமிடத்துக்கு ஆறே மூச்சானாலும் ஒவ்வொன்றும் பிரம்மாண்டமாக இருந்தால் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை சுற்றும். பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத அளவு மென்மையான மூச்சு போதும்.

இந்தப் படியில் லேசான காற்றுத் தவிப்பு வரும். பயப்படாதீர்கள். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி, குறைந்த கார்பன் டை ஆக்சைடுக்கே பழகியிருக்கிறது. அது இயல்பான அளவுக்கு ஏறும்போது "அதிகமாகிவிட்டது" என்று தவறாக எச்சரிக்கிறது. நாள்தோறும் செய்துவந்தால் மெல்ல மெல்ல அந்த எச்சரிக்கை அடங்கும். தவிப்பு தாங்கக்கூடியதாக இருந்தால் தொடருங்கள். பீதியாக மாறினால் எண்ணிக்கையை ஒன்று குறையுங்கள்.

மூச்சைப் பிடித்து வைக்கும் பயிற்சிகளைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. பிடித்து விட்டதும் பெரிய மூச்சொன்று பாய்ந்து வரும், செய்ததெல்லாம் வீணாகும்.

9. பேனிக் அட்டாக் வரும்போது

திடீரென்று வந்து சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறும் கடும் பதற்றத்தைத்தான் பேனிக் அட்டாக் என்கிறார்கள். மருத்துவர் ஏற்கெனவே பார்த்து, இது பதற்றம்தான் என்று சொல்லியிருந்தால், அதே மாதிரி மறுபடி வரும்போது இந்த வரிசையில் செய்யுங்கள். முன்பு வந்ததிலிருந்து வேறு மாதிரி இருந்தால் முதல் படிக்கே திரும்ப வேண்டும்.

உட்காருங்கள்; முழங்கையை முழங்கால் மேலோ மேசை மேலோ ஊன்றுங்கள். தோளின் எடை இறங்கினால் கழுத்துத் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கும். குவித்த உதட்டால் ஒரு நீண்ட மூச்சை விடுங்கள். பிறகு மூக்கால் சிறிய மூச்சு, மறுபடி நீண்டு விடுதல். எண்ணிக்கை நினைவுக்கு வராவிட்டால் விடும்போது "ம்ம்ம்" என்று முனகுங்கள். முனகினால் மூச்சு தானாகவே மெதுவாகத்தான் போகும்.

வேகமாக வந்த பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கத் தொடங்கும். ஒரே நிமிடத்தில் சரியாகிவிட வேண்டும் என்று எதிர்பார்த்தால், சரியாகாத ஒவ்வொரு நொடியும் புதிய பயத்தைக் கிளப்பும். தணியச் சிறிது நேரம் ஆகும் என்று ஏற்றுக்கொண்டே உட்காருங்கள்.

காகிதப் பையை மூடிக்கொண்டு மூச்சு விடுகிற பழைய வைத்தியத்தைச் செய்யாதீர்கள். உள்ளே ஆஸ்துமாவோ மாரடைப்போ நுரையீரலில் ரத்தக்கட்டோ இருந்தால் ஆக்ஸிஜன் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மனஅழுத்தமே இழுப்பைத் தூண்டலாம். விடும் மூச்சில் விசில் சத்தம் கேட்டால் மருத்துவர் சொல்லிக் கொடுத்தபடி இன்ஹேலரைத்தான் முதலில் எடுக்க வேண்டும்.

10. பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது

"ஒண்ணும் இல்ல, சும்மா நினைச்சுக்கிற" என்று சொல்லாதீர்கள். அவருக்கு நெஞ்சு நிஜமாகவே வலிக்கிறது. கூட்டத்தை விலக்கி, அவர் எதிரே உட்கார்ந்து, "நான் இங்கேயே இருக்கேன், மெதுவா விடுங்க" என்று மட்டும் சொல்லி, நீங்களும் கேட்கும்படி நீண்ட மூச்சு விடுங்கள். சொல்வதைவிடச் செய்து காட்டுவது அவருக்கு எளிதில் பிடிபடும். முதுகைத் தட்டுவதும் தண்ணீரைப் புகட்டுவதும் வேண்டாம்; வேகமாக மூச்சு வாங்கும்போது புரையேறும். முதல் படியில் சொன்ன அறிகுறி எதுவும் தெரிகிறதா என்று கவனித்தபடியே இருங்கள்.

11. அன்றாடத்தில் மாற்ற வேண்டியவை

பேச்சைக் கவனியுங்கள். மூச்சு விடாமல் நீளமாகப் பேசிவிட்டு வாயால் அள்ளி மூச்சு வாங்குகிறவர்களுக்குப் பயிற்சியின் பலன் நாள் முழுக்கக் கரைந்துகொண்டே இருக்கும். வாக்கியம் முடிந்ததும் வாயை மூடி, மூக்கால் ஒரு மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள்.

பெருமூச்சு வரப்போகிறது என்று தெரிந்தால் எச்சிலை ஒருமுறை விழுங்கிப் பாருங்கள். விழுங்கும்போது மூச்சு நிற்பதால் பெருமூச்சு பாதியில் அடங்கும். காபியைப் படிப்படியாகக் குறையுங்கள். கஃபீன் தருகிற படபடப்பையும் பதற்றத்தின் படபடப்பையும் உடல் பிரித்துப் பார்ப்பதில்லை.

மருத்துவர் தடுக்காவிட்டால் தினமும் வேகநடை நல்லது. உடற்பயிற்சியில் மூச்சு வாங்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், ஆனால் கெட்டது எதுவும் நடக்காது. பயந்து பயந்து நடையையே விட்டவர்களுக்கு, மூச்சு வாங்குவது ஆபத்தல்ல என்று உடம்பு மறுபடி கற்பது இப்படித்தான்.

நோட்டில் ஒவ்வொரு முறை நெஞ்சு இறுகும்போதும் நான்கு விஷயம் எழுதுங்கள்: நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எங்கே வலித்தது, எவ்வளவு நேரத்தில் தணிந்தது. சில வாரங்களில் அது எதன் பின்னே வருகிறது என்பது துலங்கும்.

12. பயிற்சி போதாதபோது

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றாலோ, வந்துவிடுமோ என்ற பயத்தில் வெளியே போவதையே தவிர்த்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். பயத்தை வளர்க்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசிப் பழகி மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பேனிக் அட்டாக்குக்கு நன்றாகப் பலன் தருகிறது. படபடப்பு, மூச்சு வாங்கல் போன்றவற்றைச் சிகிச்சையாளரின் துணையோடு வேண்டுமென்றே வரவழைத்து, பயமின்றி அவற்றைக் கடக்கப் பழக்குவதும் அதில் ஒரு பகுதி. சிலருக்கு மருந்தும் தேவைப்படும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லி உதவி தேடுங்கள்.

முதல் சந்திப்புக்குப் போகும்போது அந்த நோட்டையும், எடுத்த ஈ.சி.ஜி. மற்றும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கையோடு கொண்டு போங்கள். எடுத்த பரிசோதனையையே மறுபடி எடுக்கும் அலைச்சல் குறையும். மருத்துவரும் நேரடியாக விஷயத்துக்கு வருவார்.